ரத்தத்துக்கும் தாய்மாமன்தான் முதலில்

எங்கிருந்தாலும் எனக்குக் காது கொடுக்கும் பிரியமான அத்தானுக்கு,

மாலை போட்ட உங்கள் படத்தின் முன்னால் நின்று அக்கா தினமும் எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுகிறாள். அவள் முந்துவதற்குள் என் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன். நேற்றுக் காரைக்கால் ஆஸ்பத்திரியில் நான் மயங்கி விழுந்தேன். ரத்தம் கொடுத்து அல்ல. என்ன வகை என்று பார்க்க விரல் நுனியில் குத்துவார்களே, அதற்கே!

விஷயம் இதுதான்: உங்கள் மகள் வாசுகிக்குப் பெண் குழந்தை, அத்தான்! மூக்கு அப்படியே உங்கள் மூக்கு. ஆனால் பிரசவத்துக்குப் பிறகு வாசுகிக்கு உதிரம் நிற்கவில்லை. "உடனே ரத்தம் வேணும். சொந்தக்காரங்க யாராவது வாங்க" என்று நர்ஸ் வந்து கூப்பிட்டார். வராந்தா கொள்ளாத சனம். அத்தனை பேரும் தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"தாய்மாமன் நிக்கும்போது நாங்க முந்தலாமா? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார் உங்கள் கோட்டுச்சேரி சம்பந்தி. காதுகுத்துக்கு நான், சடங்குக்கு நான், கல்யாணத்துக்கு நான். இப்போது ஊசிக்கும் நானா?

மாப்பிள்ளை எழுந்தார். அவர் அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஒக்காருடா! நடவு நேரத்துல ரத்தத்தக் குடுத்துட்டு எப்படி வயல்ல எறங்குவ?"

உள்ளே வாசுகி வெளுத்துப்போய்க் கிடக்கிறாள். வெளியே அரைமணி நேரமாக முறை பேசுகிறோம். நீங்கள் இருந்திருந்தால் முதல் ஆளாகக் கையை நீட்டியிருப்பீர்களா? இல்லை, நீங்களும் என்னைத்தான் தள்ளிவிட்டிருப்பீர்களா?

அக்கா என் தொடையில் கிள்ளினாள். "போடா தம்பி, புள்ள உசுருக்குப் போராடுது!"

போனேன். விழுந்தேன்.

"பாத்தீங்களா பொண்ணு வூட்டு வீரத்த!" என்று சம்பந்தி துள்ளி எழுந்து சட்டையையே கழற்றிவிட்டார். கை மட்டும் போதும் என்று நர்ஸ் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்குப் பின்னால் அவர் தம்பி. கோட்டுச்சேரிக்கு இளைக்கலாமா என்று உங்கள் நெரவிப் பங்காளிகள். "எனக்கு முன்னாடி நீ எப்படிப் போவலாம்?" என்று வரிசையில் தள்ளுமுள்ளு! பெஞ்சில் படுத்து, முகத்தில் சோடா வழிய, நான் பூரித்துக் கிடந்தேன். என் மயக்கமல்லவா ஓர் உயிரைக் காப்பாற்றுகிறது!

வாசுகி பிழைத்துவிட்டாள், அத்தான். கண் விழித்ததும் காப்பி கேட்டாள்.

கிளம்பும்போது நர்ஸிடம் பெருமையடித்தேன். அவர் சிரித்துவிட்டார். "நீங்க முறை பேசிக்கிட்டு இருந்தப்பவே வேற ஒருத்தரு குடுத்துட்டாருங்க. பல்வலின்னு வந்தவரு, சத்தம் கேட்டு எட்டிப் பாத்தாரு. அவரு ரத்தம்தான் உங்க பொண்ணுக்கு ஏறுச்சு. நீங்கள்லாம் குடுத்தது வேற யாருக்காவது ஆகும்."

"அவரு பேரு?"

"கேக்குறதுக்குள்ள கோவில்பத்து பஸ்ஸுக்கு ஓடிட்டாருங்க."

உங்கள் மேல் சத்தியம், அத்தான். அடுத்த மாதம் நானும் தனியாகப் போய், கண்ணை மூடிக்கொண்டு, ஒருவருக்கும் தெரியாமல் கொடுத்துவிட்டு வருவேன்.

இதை இதுவரை டீக்கடையில் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் அன்பு மச்சினன்