கொஞ்சம் தெரியும் என்றேன்

இன்று காலை இரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். தாதி பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துக் கையில் தேய்த்ததும் என் கண் நிறைந்துவிட்டது. ஊசிக்குப் பயம் என்று நினைத்துவிட்டாள். "நோகாது அன்ரி" என்றாள், பாவம். உன்னை நினைத்து அழுகிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்ல?

எழுபதுகளில் நாம் இருவரும் சிட்னியில் ஓர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவினோம். நீ மதுரைக்காரி, நான் யாழ்ப்பாணத்தாள். வேலை முடிந்ததும் ஸ்பிரிட் மணக்கும் கைகளோடு தொழில்நுட்பக் கல்லூரி மாலை வகுப்புக்கு ஓடுவோம். அந்தச் சான்றிதழை வைத்துப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். ஆனால் நாம் படித்த உயிர் இரசாயனத்தை அவர்கள் கிரெடிட்டாக ஏற்றால்தான் நேரே இரண்டாம் வருடம். இல்லாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. இன்னொரு வருடம் கூடுமென்றால் படிப்பே வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். உன் வீட்டிலும் அதே கதைதான்.

இரண்டு இடத்துப் பாடத்திட்டமும் பொருந்தாததால் பேராசிரியர் ஆளைக் கூப்பிட்டுக் கேட்டுத்தான் முடிவு செய்வார். நாம் போன அன்றுதான் அதற்குக் கடைசி நாள். முதலில் நான், எனக்கு அடுத்து நீ.

"இந்தப் பாடம் உனக்கு எவ்வளவு தெரியும்?" என்று கேட்டார். எங்கள் வீட்டில், தெரிந்ததைத் தெரியும் என்று சொல்பவள் வாய்க்காரி. கரைத்துக் குடித்திருந்தாலும் "ஏதோ கொஞ்சம்" என்றுதான் சொல்லவேண்டும். நானும் தலையைக் குனிந்துகொண்டு அதையே ஆங்கிலத்தில் சொன்னேன். மனிதர் அப்படியே நம்பிவிட்டார்! அப்படியென்றால் முதலிலிருந்து படிப்பதே உனக்கு நல்லது என்று அனுப்பிவிட்டார்.

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னேன். நீ துள்ளி எழுந்தாய்.

"கொஞ்சமா? அடிப்பாவி! எனக்கே பாதி சொல்லிக் குடுத்தவ நீதானடி!"

"விடப்பா. அவர் முடிவு சொல்லிப்போட்டார்."

"முடிவாவது மண்ணாவது. வாடி உள்ள."

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். இவள் பொய் சொல்கிறாள், இவளுக்கு எல்லாம் தெரியும், கேட்டுப் பாருங்கள் என்று அவரிடம் நீ சண்டை பிடித்தபோது நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. வெகுநேரம் அவர் மசியவில்லை, நீயும் விடவில்லை. கடைசியில் சிரித்துக்கொண்டே சுண்ணக்கட்டியை நீட்டினார். கேட்டதையெல்லாம் கரும்பலகையில் எழுதினேன். கிரெடிட் கிடைத்தது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. உன்னை அங்கேயே விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். ரயில் வருமுன்னரே நீயும் வந்துவிட்டாய். எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தாய் என்றுகூட எனக்கு உறைக்கவில்லை.

"ஏன் என்னை இப்பிடி வெக்கப்படுத்தினனீ?" என்று சீறினேன்.

"படிப்பப் பாருடி. மானத்த அப்புறம் பாத்துக்கலாம்" என்றாய். பிறகு வழி முழுக்க யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு உன்னோடு முகம் கொடுத்துப் பேசவேயில்லை. பல்கலைக்கழகத்தில் முதல் நாள் கோபம் ஆறி, பக்கத்துக் கதிரையில் பையை வைத்து உனக்கு இடம் பிடித்திருந்தேன். நீ வரவில்லை. மாலையில் போன் எடுத்தால், "புரொபசர்கிட்ட போட்ட சண்டையிலயே நேரம் போயிருச்சுடி. அவரு கிளாசுக்குக் கிளம்பிட்டாரு, என்னைய எங்க கேக்க? விடு, நீயாவது படி" என்று சிரித்தாய். மறு வருடம் உன் வீட்டுக்காரரோடு மெல்போர்னுக்குப் போனாய். அங்கேயும் குழாய்தான் கழுவினாய்.

போன மாதம் உன் செத்தவீட்டுக்கு வந்தேன். "அம்மா உங்களப் பத்தி எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லுவாங்க ஆன்ட்டி, யூனிவர்சிட்டி படிச்ச ஃபிரெண்டுன்னு" என்றாள் உன் மகள். எனக்குத் தலை நிமிரவில்லை.

இப்போதெல்லாம் யார் எந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்தாலும், "உனக்கு என்ன நடந்தது?" என்றுதான் முதலில் கேட்கிறேன். வேலை முடிந்து வரும் மகனிடம் கேட்கிறேன். டொக்டரின் அறையிலிருந்து வரும் முன்பின் தெரியாதவர்களிடமும் கேட்கிறேன். அம்மாவுக்கு எல்லோர்மேலும் எவ்வளவு அன்பு என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அன்று ரயிலில் உன்னிடம் கேட்காமல் விட்டது அது என்று அவர்களுக்கு நான் சொன்னதில்லை.