அப்பா வலது காலை வைக்கிறார்

பள்ளிமுனை,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து.

அன்பு மகன் றொட்னிக்கு,

நீயும் பெற்றிசியாவும் பேரன் ஜெனோஜனும் ஆண்டவர் காவலில் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாமென்றால் அப்பா கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்திலேயே வந்து இருந்துவிடுவார். அதனால்தான் இந்தக் கடிதம், பக்கத்து வீட்டுப் பிறின்சி படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

அப்பாவுக்குக் கை வலது, கால் இடது என்று உனக்குத் தெரியும்தானே. கிழிந்த வலை பொத்துவது, சாப்பிடுவது, சிலுவை போடுவது எல்லாம் வலக்கையால், ஆனால் பந்து அடிப்பதும் படகில் ஏறுவதும் இடக்காலால். நீயும் அச்சொட்டாக அவரைப் போலத்தான். கலியாணம் கட்டிய நாள் தொடக்கம் வலது காலை வைத்து ஏறுங்கோ என்று நான் கத்தாத நாளில்லை, அவரோ, கால் தன்பாட்டில போகுது, நான் என்ன செய்ய என்று சிரிப்பார். போன மாதம் புதுப்படகைப் பங்குச் சுவாமி மந்திரித்த அன்று வலது காலை வைத்து ஏறினார், மகன்! கரையில் நின்ற எல்லாரும் கைதட்டினார்கள். கடைசியில் என் சொல் கேட்டாரே என்று நான் மடுமாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். என்ன மடைச்சி நான்.

செவ்வாய்க்கிழமை வாசல் கூட்டும்போது அவருடைய செருப்பைப் பார்த்தேன். இடது செருப்பின் முன்பக்கம் மட்டும் தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கிறது, வலது புதிதுபோல இருக்கிறது. அந்தக் காலை இழுத்து நடந்திருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. அவர் என் சொல் கேட்கவில்லை, இடது காலைத் தூக்க முடியாமல்தான் வலதை வைத்திருக்கிறார். வலக்கை எப்போதும்போல வேலை செய்வதால் ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்டதற்கு, ரெண்டு மாசமா கொஞ்சம் மரத்துக் கிடக்கு, பெடியனுக்குச் சொல்லிப்போடாதை என்றார். ஆஸ்பத்திரிக்கு வாங்கோ என்றால், வலையில நண்டு படுகிற நேரம், பிறகு பாப்பம் என்கிறார். ஒரு பக்கம் இழுத்துவிடும் பாரிசவாதமாக இருக்குமோ என்றுதான் பயம். நேற்று படகு விளிம்பில் கால் மடங்கிச் சரிந்தவரை, கூடத் தொழிலுக்குப் போகும் சியாம்தான் சட்டையில் பிடித்து இழுத்தானாம். சியாம் இல்லாத நாளில் என்ன நடக்கும் மகன்?

நான் சொன்னால் கேட்கமாட்டார், உன் சொல்லைக் கேட்பார். இன்று பின்னேரம் வீடியோவில் எடு. சுகம் விசாரிக்காதே, சுகம் என்றுதான் சொல்லுவார். அப்பப்பா பந்து அடியுங்கோ என்று ஜெனோஜனைக் கேட்கச் சொல்லு. பந்தை முற்றத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். அவர் வலக்காலால் அடித்தால் நீயே கண்ணால் காண்பாய். சிரிக்காதே, ஏசாதே, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ அப்பா என்று மட்டும் சொல்லு.

குளிருக்குக் காலுறை போடு, உன் இடது காலையும் ஒருதரம் பார்த்துக்கொள். மடுமாதா உங்கள் மூவரையும் காப்பாற்றுவாள். இத்தனை வருஷம் வலது காலை வையுங்கோ என்று கத்தின வாயால், விடிய அவர் கடலுக்கு வெளிக்கிடும்போது, மாதாவே, இடது காலை வைக்கப் பண்ணும் என்று மன்றாடுகிறேன்.

பயத்தோடு காத்திருக்கும்
அம்மா அகஸ்ரினா