ஓடையோரத்து மீன்பிடிப் பூனை

மாஸ்டர்,

இன்று காலை கெலிஓயாச் சந்திக்கு இப்பால் வீதியோரத்தில் உங்கள் மீன்பிடிப் பூனைச் சாதியில் ஒன்று செத்துக் கிடந்தது. இரவில் ஏதோ வாகனம் அடித்திருக்க வேண்டும். கடைக்குப் பாண் வாங்கப் போனவன் பாணை மறந்து அதன் பக்கத்தில் குந்திவிட்டேன். கட்டைக் கால், குட்டை வால், சாம்பல் உடம்பில் வரிசை வரிசையாகக் கறுப்புப் பொட்டுகள். சேறும் மீனும் கலந்த வாடை அடித்தது. முன்காலைத் தூக்கி விரல்களை விரித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே நடுவில் தோல் இருந்தது. நகமும் முழுதாக உள்ளே போகவில்லை. ஓர் ஆட்டோக்காரர் நிறுத்தி, என்ன செய்கிறீர்கள் ஐயா என்று கேட்டார். அவருக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

அந்த நகம் நம்மை எவ்வளவு காலம் சுற்றவிட்டது! நீங்கள் கணக்குப் படிப்பிக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, எங்கள் வீட்டுப் பக்க அறையில் வாடகைக்கு இருந்த காலம். வீட்டுக்குப் பின்னால் கைவிட்ட வயல், அதன் கடைசியில் ஓடை. சேற்றில் தடம் கண்டோம். பூனைத் தடத்தில் நகம் பதியாது, இதில் பதிந்திருக்கிறது, ஆகவே நாய் என்று கரும்பலகையில் கணக்குச் செய்வதுபோல் செய்து முடித்தீர்கள். நானும் நம்பி, ஊர் நாய்களையெல்லாம் முறைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு ஏதோ புத்தகத்தில், மீன்பிடிப் பூனைக்கு நகம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் என்று படித்துவிட்டு, சில நாள் என் முகத்தில் விழிக்காமல் இருந்தீர்கள்.

அதன்பின் பைத்தியமே பிடித்துவிட்டது உங்களுக்கு. ஓடையோரக் கோரைக்குள் மூங்கிலும் ஓலையும் வைத்து, ஆட்கள் குந்தியிருக்க ஒரு மறைப்புக் கட்டினீர்கள். பழைய தாச்சியில் தண்ணீர் விட்டு உயிர்மீன் போட்டு வைப்பீர்கள். மீன் காணாமல் போகும், பூனையைக் காணக் கிடைக்காது. மாஸ்டர் பூனைக்கு மீன் போட்டே கிழவனாகிவிடுவார் என்று என் மனைவி சிரிப்பாள். "ஒருக்கா எண்டாலும் காணாமல் விடமாட்டன்" என்பீர்கள்.

எண்பத்துமூன்றுக் கலவரத்தில் ஒரு பின்னேரம், பக்கத்துக் கடைச் சிங்கள முதலாளி பின்கதவால் ஓடி வந்தார். தமிழ் வீடுகளைக் கொளுத்திக்கொண்டு வருகிறார்கள், வீதிப் பக்கம் போகாதீர்கள் என்றார். போக வேறு இடமில்லை. மூன்று பேரும் கைக்குழந்தையோடு அந்த மறைப்புக்குள் நுழைந்தோம். மகளுக்குக் காய்ச்சல், அனுங்கிக்கொண்டே இருந்தாள். ஒருமுறை வீரிட்டால் எல்லோரும் முடிந்தோம். என்னிடமும் தாயிடமும் அடங்காதவள், உங்கள் தோளில் போட்டதும் தூங்கிவிட்டாள். நீங்கள் ஓடைக்கு முதுகு காட்டி, வீட்டைப் பார்த்தபடி அசையாமல் இருந்தீர்கள். உள்ளே சாமான்கள் உடைபடும் சத்தம் கேட்டது.

வெளிச்சம் மங்கும் நேரம் அது வந்தது. ஓடைக் கல்லில் குந்தித் தண்ணீரையே பார்த்தது. பூச்சி விழுந்ததுபோல் முன்காலால் மெல்லத் தட்டியது. பிறகு தலையை முழுதாகத் தண்ணீருக்குள் விட்டு மீனோடு எழுந்தது. நான் உங்கள் முழங்கையைத் தொட்டுக் கண்ணால் காட்டினேன். உங்களுக்கு விளங்கிவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தீர்கள். அது அவசரமில்லாமல் ஆறுதலாகத் தின்று முடித்துக் கோரைக்குள் போகும்வரை நீங்கள் திரும்பவே இல்லை.

வீடு எரிந்து போயிற்று. அகதி முகாமில் ஒரு மூலை கிடைத்து உட்கார்ந்ததும் நீங்கள் கேட்டது வீட்டைப் பற்றியல்ல. "என்ன மாதிரிப் பிடிச்சது? ஒண்டும் விடாமல் சொல்லும்" என்றீர்கள். சொன்னேன். ஒருக்கால் திரும்பிப் பார்த்திருக்கலாமே என்றேன்.

"திரும்பினா பிள்ளை எழும்பியிருக்கும்."

பிறகு கப்பலேறி யாழ்ப்பாணம் போனீர்கள். சில வருடங்களில் ஷெல் விழுந்து நீங்கள் இறந்த செய்தி, அங்கிருந்து வந்த ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று சின்னப் பிள்ளைபோல் அழுதேன், மாஸ்டர்.

அந்தச் சாதிப் பூனையை உயிரோடு நான் கண்டது அந்த ஒரு தரம்தான். அது உங்களுக்குச் சேர வேண்டிய காட்சி. உங்களுக்காகத்தான் ஒன்றும் விடாமல் வைத்திருக்கிறேன். மகள் இப்போது குண்டசாலையில் இருக்கிறாள், வயது நாற்பது தாண்டிவிட்டது. அந்தப் பின்னேரத்தைப் பற்றி நான்தான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. முழு நேரமும் நல்ல தூக்கம்.