திங்கட்கிழமை மாத்திரை

மார்ச் 5

அன்பு மிகு தங்கைக்கு,

இறையருளால் நானும் உன் அண்ணியும் நலம். நீ நலமா என்பதை உன் ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியிடம்தான் கேட்டறிய வேண்டும்போலும். கடிதம் வந்து நாளாயிற்று.

என் கல்லீரல் வைரஸ் மறுபடி பெருகியிருக்கிறதாம். “பெரியவரே, மாத்திரையை ஒழுங்காப் போடறீங்களா?” என்றார் மருத்துவர். போடுகிறேன் என்றேன். உனக்காக நோற்கும் திங்கட்கிழமை விரதத்தில் மட்டும் நீரும் பருகுவதில்லை. ஆகவே அன்று மாத்திரையும் இல்லை. அதை அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அம்மாவிடமிருந்து நம் இருவருக்கும் வந்த நோய் உன்னை வருத்தாதிருக்கவே இந்த நோன்பு. நோன்பில் அடங்கிக் கிடக்கும் உடலில் அந்த வைரஸ் எவ்வாறு பெருகும்? உன் துறை, எழுது.

உன் அண்ணன்

மார்ச் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நுண்ணோக்கி நலம், நானும் நலம்.

வைரஸ் தானாகப் பெருகாது, அண்ணா. கல்லீரல் செல்லுக்குள் நுழைந்ததும் மேலுறையைக் களைகிறது. அதன் மரபுச்செய்தி செல்லின் கருவுக்குள் போய் அமர்ந்துகொள்கிறது. செல் அதைத் தன் வீட்டு உத்தரவென்றே நம்பிப் படியெடுக்கிறது. தன் பட்டறையிலேயே புரதப் பாகங்களையும் செய்து தருகிறது. பாகங்கள் ஒன்றையொன்று பற்றி, அந்தப் படியை உள்ளே வைத்துக் கூடாக மூடிக்கொள்கின்றன. கூட்டுக்குள் அந்தப் படியைப் பார்த்துப் புதிய மரபிழை எழுதப்படுகிறது. பிறகு புது வைரஸ் செல்லின் சவ்விலேயே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியேறுகிறது.

மாத்திரை தடுப்பது அந்த எழுத்து வேலையை மட்டுமே. கருவிலிருக்கும் மூலத்தை அது தொடாது. வாரந்தோறும் நீங்கள் நிறுத்தினால் எழுத்து மறுபடி தொடங்கும். பட்டினி உங்களுக்குத்தான், பட்டறைக்கு விடுமுறை இல்லை.

அம்மாவும் மருந்தை விட்டு விட்டுத்தான் ஈரல் சுருங்கிப் போனாள். எனக்காக வேண்டிக்கொண்டு நீங்களும் அவ்வழியே போவதானால், அந்த நலம் எனக்கு வேண்டாம். விரதத்தை விடுங்கள்.

இன்னொன்று: அந்த மாத்திரையை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும்.

தங்கை

மார்ச் 25

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். “சாமி உங்ககிட்ட பட்டினி கேட்டு மனு போட்டுச்சா?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மருத்துவரிடமும் உள்ளதைச் சொன்னேன். “இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?” என்றார்.

நோன்பை விடவில்லை. இன்று விடியலில் நீராடி, ஒரு வாய் நீரோடு மாத்திரையை விழுங்கினேன். பின்பு ஒன்றும் உட்கொள்ளவில்லை. வெறும் வயிறு என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வாய் நீரைப் பொறுத்தருள இறைவனை வேண்டினேன், மறுப்பு வரவில்லை.

நீயும் இதே மாத்திரைக்காரிதானே. திங்கள் விடியலில் நீயும் போட்டுக்கொள். அம்மா நம் இருவருக்குள்ளும் வைத்துப் போன மூலம் ஒன்றே. காவலும் ஒரே வேளையில் இருக்கட்டும்.

அண்ணன்