மூன்றாவது தடவை

அன்புத் தங்கச்சிக்கு,

தலையில் அடிபட்டதிலிருந்து எதுவும் மனசில் நிற்பதில்லை, அழுகையாக வருகிறது என்று நானே ஒரு மனநல ஆலோசகரைத் தேடிப் பிடித்தேன். புது ஆள் என்று போய் உட்கார்ந்தால், "மூணாவது தடவையா வர்றீங்கம்மா," என்று அந்தம்மா ஒரு தாளை நீட்டினார். என் கையெழுத்துதான்: 'நான் படியில் வழுக்கி விழவில்லை. வீட்டுக்காரர் தள்ளினார். அவரிடம் மூச்சுவிடாதே.'

"ரெண்டு தடவையும் மறந்துபோய் அவர்கிட்டயே சொல்லியிருக்கீங்க. இப்பவாவது தங்கச்சிக்கு எழுதுங்க," என்றார். அதான் எழுதுகிறேன். உடனே கிளம்பி வாடி.

உன் அத்தான் டீ கொண்டுவந்தார். குடித்து முடிப்பதற்குள் எதற்கு எழுத உட்கார்ந்தேன் என்பதே மறந்துவிட்டது, போ! இங்கே எல்லோரும் சுகம். அவருக்குத்தான் என்மேல் எவ்வளவு அக்கறை! உறையை ஒட்டுவதற்குமுன் எழுத்துப்பிழை பார்த்து, தானே தபாலில் போடுகிறாராம்.

உன் அக்கா