மூடாமல் விட்ட மதகு

அன்பு மகள் ஜோசலினுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மூக்குக்குத்தான் நிம்மதி இல்லை. அங்கே நீயும் ஆன்ட்ரேயும் குட்டி மார்கோவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா? கால்கரியில் அதற்குள் பனி கொட்டுகிறதாமே, குழந்தையின் காதை மூடாமல் வெளியே தூக்கிக்கொண்டு போகாதே, ஆன்ட்ரே சிரித்தால் சிரிக்கட்டும். என்னடா இந்த அம்மா இந்தக் காலத்தில் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாளே என்று நினைப்பாய். என் போன் செத்துவிட்டது. அப்பாவின் போனில் பேசலாம், ஆனால் நான் சொல்லப்போகிற விஷயத்தை அவர் காதுபடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இந்தப் படகில் ஒருவர் காதில் விழாமல் இன்னொருவர் தும்மக்கூட முடியாது. அதுவும் போக, இது எழுத்தில் இருக்க வேண்டிய விஷயம். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

நீ இந்தப் படகைப் பார்த்ததில்லை, அப்பா அனுப்பிய படத்தைத்தான் பார்த்திருக்கிறாய். படத்தில் வாசனை வராது. க்ரூவில் அத்தனை நல்ல வீட்டை விற்றுவிட்டுக் கால்வாயில் குடியிருக்கப் படகு தேடினோமே, பதினோரு படகு ஏறி இறங்கினோம். ஒன்றில் பூஞ்சை, ஒன்றில் எலி, ஒன்றில் விற்கிறவரே குடிபோதையில் கட்டிலில் கிடந்தார். பன்னிரண்டாவதாக இது. உள்ளே நுழைந்ததும் காபி மணமும் சுடச்சுட ரொட்டி மணமும். கதவில் ரோஜாப் பூவும் கோட்டையும் வரைந்திருந்தது, சின்ன இரும்பு அடுப்பில் நெருப்பு. எஞ்சின் ஒரே தட்டில் கிளம்பியது. அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, "க்ளெனிஸ், இதுதான்டி நம்ம வீடு" என்றார். படகு வாங்குகிறவர்கள் அதைத் தண்ணீரிலிருந்து தூக்கி வைத்து அடிப்பாகத்தைத் தட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டார்கள், அதற்கென்றே ஆள் இருக்கிறான். நான் சொன்னேன், பத்து தடவை சொன்னேன். "இவ்ளோ சுத்தமா வெச்சிருக்கிற மனுஷன் அடியில மட்டும் ஓட்டையா வெச்சிருப்பான்?" என்று என் வாயை அடைத்தார். எஞ்சினை நாங்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தான் என்பதும், ரொட்டி மணம் எதை மறைக்க என்பதும் முதல் வாரமே தெரிந்துபோயிற்று. தரைப் பலகையைத் தூக்கினால் அடியில் கறுப்பாக ஒரு தண்ணீர், மேலே எண்ணெய்ப் படலம், அதில் மிதந்துகொண்டு ஒரு பழைய சாக்ஸ். அந்தக் கண்றாவியின் மேல்தான் நாங்கள் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம்.

இன்னும் கேள். ஏழடி அகலம்கூட முழுதாக இல்லை, நீளம் மட்டும் ரயில்பெட்டி மாதிரி. விடிகாலையில் கூரையில் வியர்த்து நெற்றியில் சொட்டுகிறது, அது என் மூச்சும் உன் அப்பா மூச்சும் சேர்ந்து திரும்பி வருகிற தண்ணீர், நினைத்தாலே குமட்டுகிறது. கழிப்பறையைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் படகுக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் வேறு பேச்சே கிடையாது, எனக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது. அடியில் ஒரு பெட்டி, கைப்பிடி வைத்தது, நாலு நாளைக்கு ஒருமுறை இழுத்து எடுத்துக் கரைப்பாதை வழியாகக் கால் மைல் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிக் கழுவ வேண்டும். எதிரே வருகிறவர்கள் எல்லாம் "குட் மார்னிங், நல்ல வெயில்" என்கிறார்கள், கையில் இதை வைத்துக்கொண்டு நானும் பல்லைக் காட்டுகிறேன். படகைத் தள்ள அடித்தண்ணீரில் சுற்றுகிற எஞ்சின் விசிறியில் குப்பை சுற்றினால் உன் அப்பா தோள்வரை கையை விட்டு எடுக்கிறார், போன வாரம் ஒரு தலையணை உறையும் பாதிப் புறாவும் வந்தன. அதே கையால் பிஸ்கெட் டப்பாவைத் திறக்கப் போனார். நான் போட்ட கத்தலில் வாத்தெல்லாம் பறந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் இப்போது படகைக் கட்டியிருப்பது ஏழாம் லாக்குக்கு மேலே, இன்னும் நாலைந்து படகுகளோடு வரிசையாக. லாக் என்றால் உனக்குத் தெரியும், படகை உள்ளே விட்டு, தண்ணீரை நிரப்பி மேட்டுக்கு ஏற்றுகிற கல் தொட்டி. மேல்பக்கம் கரைக்கு ஒன்றாக இரண்டு மதகு, அதற்கென்று ஒரு கைப்பிடி, அதைச் செருகிச் சுற்றினால் மதகு திறக்கும், ஏறி முடித்ததும் சுற்றி மூட வேண்டும். மூடாமல் போனால் மேலே இருக்கிற தண்ணீர் முழுக்க ராத்திரியோடு ராத்திரியாக வடிந்துவிடும், இங்கே கீழ்க்கதவு கிழவன் பல் மாதிரி ஓட்டை. ஆம்பிளைகள் எல்லாம் தேநீர்க் கோப்பையோடு சுக்கானைப் பிடித்துக்கொண்டு ராஜா மாதிரி நிற்பார்கள், மதகு சுற்றுகிறதும் கதவு தள்ளுகிறதும் பெண்டாட்டிகள், அதுதான் இங்கே வழக்கம். எங்களுக்கு முன்னால் கட்டியிருப்பவர் திரு லாங்ஷா, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், படகில் பித்தளையெல்லாம் முகம் பார்க்கலாம். எங்களுக்குப் பின்னால் மார்னி. நாற்பது வயசு இருக்கும், தனி ஆள், துருப்பிடித்த படகு, கூரை நிறைய விறகும் கீரைச்சட்டியும். ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. நிரந்தர இடம் இல்லாத படகு பதினாலு நாளைக்கு மேல் ஓரிடத்தில் நிற்கக்கூடாது. அவள் எஞ்சின் படுத்துவிட்டதால் அது சரியாகும்வரை இருக்கலாமென்று கால்வாய் அலுவலகத்தில் அனுமதி வாங்கியிருந்தாள். அந்த அனுமதி போனால் இந்த ஊரை விட்டே நகர வேண்டும், வேலையும் போகும். லாங்ஷாவுக்கு அவள் படகைப் பார்த்தாலே ஆகாது.

இரண்டு வாரம் முன்பு செவ்வாய்க்கிழமை நாங்கள் தண்ணீர் பிடிக்கக் கீழே போய்விட்டு ஏழாம் லாக் ஏறி வந்து கட்டினோம். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கண் விழித்தால் நான் சுவரில் கிடக்கிறேன், உன் அப்பா என்மேல் கிடக்கிறார். படகு சேற்றில் உட்கார்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அலமாரி திறந்து பீட்ரூட் ஊறுகாயும் மாவும் தரையெல்லாம். அந்தப் பெட்டி இருக்கிறதே, அன்றைக்கு நாலாம் நாள். மூடி திறந்துகொண்டுவிட்டது. என் போன் மேல்தட்டிலிருந்து சறுக்கி நேராக அதற்குள்ளேதான் போய் விழுந்தது, இடுக்கியால் எடுத்துத் தூர எறிந்தேன். வெளியே வந்து பார்த்தால் கால்வாய் முழுக்கக் கறுப்புச் சேறு, அதில் சைக்கிள், கடையில் சாமான் வைத்துத் தள்ளுகிற வண்டி, வாய் பிளந்த மீன், செத்து எத்தனை நாளானதோ தெரியாத ஏதோ ஒன்று. அந்த நாற்றம் இன்னும் என் தலைமுடியில் இருக்கிறது. லாங்ஷா இரவு அங்கியோடு குதிக்கிறார். அவர் மனைவி வரிசையாக மாட்டி வைத்திருந்த பீங்கான் தட்டுகள் அத்தனையும் நொறுங்கி, ஜன்னலும் உடைந்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அந்தப் பக்கத்து மதகு பாதி தூக்கின மேனிக்கு நிக்குது! எவன் பார்த்த வேலை இது?" என்று கத்தினார். எல்லோர் கண்ணும் மார்னி பக்கம் போயிற்று. "நான் லாக்கு பக்கமே போகல, என் எஞ்சினே ஓடலையே சார்" என்றாள். "வெறகு பொறுக்கக் கதவு மேல நடந்து அக்கரைக்குப் போற ஆளு நீதானேம்மா" என்றார் அவர். சாயந்தரம் மேலேயிருந்து தண்ணீர் விட்டுப் படகுகள் நிமிர்வதற்குள், மார்னியின் அனுமதியை ரத்து செய்யச் சொல்லி ஏழு பேர் கையெழுத்தோடு கால்வாய் அலுவலகத்துக்குப் புகார் போய்விட்டது. எங்களிடமும் நீட்டினார்கள், நாங்கள் போடவில்லை. அது ஒன்றுதான் நாங்கள் செய்த நல்ல காரியம்.

ஏனென்றால் எனக்குத் தெரியும், அது உன் அப்பா வேலை. என் முட்டி வலிக்கிறது என்று அன்றைக்கு அவரை இறக்கிவிட்டேன், அக்கரை மதகை அவர்தான் திறந்தார். திறந்தவர் மூட வேண்டும், அதுதான் முறை. மூன்று நாள் அந்த மனுஷனை நான் பேசாத பேச்சில்லை. "சீ, நீயெல்லாம் ஒரு ஆம்பிளையா, ஒரு பொம்பளை தலையில பழியைப் போட்டுட்டு ரொட்டி முழுங்குறியே, தொண்டையில இறங்குதா?" என்றேன். "தெரியலையே க்ளெனிஸ், ஞாபகமில்லையே" என்று தலையைக் குனிந்துகொண்டு தட்டைப் பார்த்தார். அந்தக் குனிந்த தலையைப் பார்க்கப் பார்க்க, சாக்கடை நாற்றம் தேவலை என்று இருந்தது. முப்பத்தெட்டு வருஷம் இந்தக் கோழையோடா படுத்து எழுந்தோம் என்று எனக்கே என்மேல் அருவருப்பு. நாலாம் நாள், நீ வாய் திறக்காவிட்டால் நான் திறக்கிறேன் என்று சொல்லிவிட்டு நேரே மார்னி படகுக்குப் போனேன். உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். என் வீட்டுக்காரர்தான் மதகை விட்டது, ஊரறியச் சொல்லப்போகிறேன் என்றேன். அவள் கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், "அவரு இல்லம்மா, நீங்க. நான் பார்த்தேன்" என்றாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவள் நிதானமாகச் சொன்னாள். உன் அப்பா மூடத்தான் போனாராம். "விடு விடு, நீ சுத்தி முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும், போய்ப் படகைக் கட்டு, நான் பார்த்துக்கறேன்" என்று நான்தான் விரட்டினேனாம். நான்தான் கதவு மேல் ஏறி அக்கரைக்குப் போனேனாம், பாதி சுற்றினேனாம், அப்போது போன் அடித்ததாம். அவள் போன் என்றதும்தான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஜோசி, அது உன் போன். மார்கோவுக்கு முதல் பல் முளைத்த சேதி சொல்லக் கூப்பிட்டாயே, அதுதான். மதகை அப்படியே பிடித்து வைக்கிற கொக்கியைப் போட்டு நிறுத்திவிட்டு, சிரித்துப் பேசிக்கொண்டே கதவு மேல் நடந்து இக்கரைக்கு வந்து படகில் ஏறிவிட்டேன். நீ ஏன் சொல்லவில்லை என்று மார்னியைக் கேட்டேன். "நான் சொன்னா யாரு நம்புவாங்க? அந்தப் பொட்டியைத் தூக்கிட்டுப் போறப்பகூட நின்னு ரெண்டு வார்த்தை பேசுற ஆளு இங்க நீங்க ஒருத்திதான், அதையும் கெடுத்துக்கணுமா?" என்றாள்.

திரும்பி வந்து உன் அப்பாவைக் கேட்டேன். அவருக்கு முதல் நாளே தெரியுமாம். "சொன்னா நீ மறுநாளே பொட்டியக் கட்டிக்கிட்டு ஜோசி வீட்டுக்குப் போயிடுவே. நீ திட்டினா திட்டிட்டுப் போற, படகுல இருந்துகிட்டுத் திட்டு" என்றார். அழுகையும் வந்தது, அடிக்கவும் கை வந்தது. எனக்காக ஏச்சு வாங்கினது சரி, மார்னி பேரில் பழி போனபோதும் வாயை மூடிக்கொண்டிருந்தாரே, அதை நான் மன்னிக்கவில்லை, அவரிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் கோழை என்று சொன்ன வார்த்தை இப்போது என் வாயிலேயே கசக்கிறது. தப்பை நான் செய்துவிட்டு, மூன்று நாள் மேடை போட்டு அவரைக் காறித் துப்பினேனே, அதைவிட அசிங்கம் இந்தக் கால்வாய் அடியில்கூட இல்லை.

மறுநாளே எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற குழாயடியில் நின்று சொன்னேன், நான்தான் மதகை மூடாமல் வந்தேன் என்று. என்ன நடந்தது தெரியுமா? லாங்ஷா சிரித்தார். "உங்க நல்ல மனசு புரியுது மிசஸ் டன்னிக்ளிஃப். அந்தப் பொண்ணுமேல பரிதாபப்பட்டுப் பழியை ஏத்துக்கறீங்க. உங்கள மாதிரி குடும்பம் இப்படிச் செய்யாதுன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்று என் தோளைத் தட்டினார். தூ! அந்தத் தோளை வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன். பொய் சொல்லியிருந்தால் உடனே நம்பியிருப்பார்கள். கால்வாய் அலுவலகத்துக்குப் போனேன், அங்கே இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள். ஏழு கையெழுத்து ஒரு பக்கம், என் வாய்வார்த்தை ஒரு பக்கம், அப்பா சொன்னால் அது வீட்டுக்காரர் சாட்சி, மார்னி சொன்னால் அது அவளுக்காக அவளே சொல்கிற சாட்சி. "இந்தப் படகுகள்ல இல்லாத வெளி ஆளு யாராவது எழுத்துல குடுத்தா பார்க்கலாம். முப்பதாம் தேதி முடிவு பண்ணிடுவோம்" என்றாள்.

அந்த வெளி ஆள் நீதான், மகளே. "என்னம்மா இப்படி இரையுது, அருவி பக்கத்துல நிக்கிறியா?" என்று நீ கேட்டாய். "மதகு தொறந்திருக்குடீ, பாதி மூடிட்டேன், மீதிய மூடணும், நீ சொல்லு" என்றேன். ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இப்போது ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை, இங்கே சாயந்தரம் நாலு மணி சுமாருக்கு, உனக்குக் காலை ஒன்பது. உன் போனில் நேரம் இருக்கும், என்னுடையது எங்கே போயிற்று என்றுதான் சொன்னேனே. அதை அப்படியே எழுதி அலுவலகத்துக்கு அனுப்பு, விலாசம் தனிச் சீட்டில் வைத்திருக்கிறேன். அம்மா மதகு திறந்திருக்கிறது என்றாள், அரை மணி நேரம் பேசினோம், மூடினேன் என்று கடைசிவரை சொல்லவில்லை, அவ்வளவுதான். பாவம் வயசானவள், முட்டிவலிக்காரி என்றெல்லாம் சேர்க்காதே. நீ கூப்பிட்டதால்தான் என்று உன்மேல் இழுத்துப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம், போனைக் கையில் வைத்துக்கொண்டே மதகு மூடுகிறவர்கள் இங்கே எத்தனையோ பேர். உனக்குச் சின்ன வயசிலிருந்தே என்னை யாராவது ஒன்று சொன்னால் பொறுக்காது, பள்ளிக்கூடத்தில் எனக்காக ஒரு பையன் மூக்கையே உடைத்தாய். இந்த ஒரு தடவை எனக்காகப் பேசாதே, எனக்கு எதிராகப் பேசு.

குட்டி மார்கோவுக்கு ஆயிரம் முத்தம், ஆன்ட்ரேவுக்கு என் ஆசி, நீங்கள் மூன்று பேரும் காய்ந்த தரையில் நிமிர்ந்து நடக்க ஆண்டவன் அருளட்டும். குழந்தைக்கு ஈறு வலித்தால் ஈரத்துணியைக் குளிரவைத்துக் கடிக்கக் கொடு. முப்பதாம் தேதிக்குள் போய்ச் சேரவேண்டும், இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எழுது. அத்தாட்சிக்கு இதையே காட்டச் சொன்னாலும் காட்டலாம், அதற்காகத்தான் கீழே முழுப் பெயரும் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
க்ளெனிஸ் மேரி டன்னிக்ளிஃப்