பிடிலுக்குள் இருந்த பாம்பின் வால்

சிவமயம்

ஹவுகன்ஸ்டுவா,
ஒஸ்லோ.
21.10.2007

என் செல்லப் பேத்தி தர்மினிக்கு, அம்மம்மா சத்தியபாமா எழுதுவது.

அந்த மலைக்குளிர் உன்னைப் பிடிக்காமல் இருக்கவேண்டும் என்று பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே எல்லாரும் சுகம். எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம்.

முதலில் நல்ல செய்திகள். உன் தம்பி பிரசாந்தன் எஞ்சினியர் சோதனை பாஸ் பண்ணிவிட்டான். ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பனி ஒன்றில் வேலையும் கிடைத்துவிட்டது. வேலைக்கு வரச்சொல்லி வந்த கடிதத்தை மடிக்காமல் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். எல்லிங்ஸ்ருட்டில் மகேசன் மாமாவின் மூத்தவள் ஆரபிக்குப் பேர்கனில் டாக்குத்தர் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. இன்னும் ஆறு வருசம் கிடக்கு மாமி என்று மருமகள் சொல்லுகிறாள். நான் இப்போதே டாக்குத்தர் என்றுதான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு வருகிறேன். இளையவள் நீச்சலில் ஒஸ்லோ முழுவதிலும் இரண்டாவது. முதலாவதாக வந்த பிள்ளைக்குக் கால் நீளமாம், அதனால்தான்.

பிறகு நீ. என் பேத்தி அமெரிக்காவில் மலைச்சனத்தின் பிடில் போட்டியில் அந்தச் சனத்தோடேயே வாசித்து மூன்றாம் பரிசு வாங்கினவள், தானே பாட்டுக் கட்டிப் பாடுகிறவள் என்று கோவிலில் கேட்டவருக்கும் சொன்னேன், கேளாதவருக்கும் சொன்னேன். அம்மாவோடு வேலை செய்கிற மரியமலர் வீட்டுக்கு வந்தபோது ஒரு நெளிப்போடு, "அவ கல்லும் மண்ணும் படிக்கவெல்லோ அங்கை போனவ?" என்று கேட்டாள். "ஓம், கல்லை ஆரும் படிக்கலாம். என்ரை பேத்தி அந்தக் கல்லுக்குள்ளை கிடந்த பாட்டையும் எல்லோ கிண்டி எடுத்தவள்" என்றேன்.

நீ அனுப்பிய சீடியைப் போட்டுக் கேட்டோம். அம்மா ஒவ்வொரு பாட்டாகத் தமிழில் சொன்னாள். ஒன்றில் காதலன் பெட்டையை ஆற்றங்கரையில் வைத்துக் கொல்லுகிறான். இன்னொன்றில் சுரங்கம் இடிந்து தகப்பன் வரவில்லை. மூன்றாவதில் ரயில் கவிழ்கிறது. இந்தச் சனம் ஒரு கலியாணத்துக்கும் பாடாதோ என்று கேட்டேன். ஆனாலும் உன் குரலைக் கேட்க நல்லாய்த்தான் இருந்தது. நீ கட்டின பாட்டில் பனியில் சறுக்கி விழுகிற கிழவி நான்தான் என்று அம்மா சொன்னாள். நான் ஒருதரம்தான் விழுந்தேன். நீ பாட்டில் மூன்றுதரம் விழுத்தியிருக்கிறாய்.

இரண்டு பக்கம் முடிந்துவிட்டது. நான் எழுத இருந்ததில் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. பெருமை எழுதப் பேனா தானாக ஓடுகிறது.

போன கிழமை நீ டெலிபோனில் சொன்னதை அம்மா எனக்குச் சொன்னாள். ஹோபர்ட் ஐயாவின் பிடிலை நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம் அவரிடமே திருப்பிக் கொடுக்கப் போகிறாயாம். நாற்பது வருசம் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வேலை செய்த மனிதர், எண்பத்தொன்பது வயதில் தன் பிள்ளைகளுக்கும் கொடுக்காமல் உனக்குத் தந்த பிடில். வாசிக்க முன்னம் அதைக் காதோடு வைத்து ஒருக்கால் ஆட்டிப் பார்ப்பது அவரின் வழக்கமாம். நீ ஒஸ்லோவுக்கு வந்து திரும்பிப் போன பிறகு அவர் வாங்கி ஆட்டினாராம், உள்ளே கிடந்த பாம்பின் வாலின் சத்தம் வரவில்லையாம். பிடிலை உன் கையில் திருப்பித் தந்தாராம். நீ எல்லாவற்றையும் சொல்லி அழுதாயாம். அன்றைக்குப் பிறகு நீ மலைக்கு ஏறிப் போகவில்லையாம். அவர் முகத்தில் முழிக்கத் தனக்குத் தகுதியில்லை என்கிறாள் என்று அம்மா சொன்னாள்.

தர்மினி, அந்தப் பாம்பின் வாலை எடுத்தது அஷ்வின் இல்லை. நான்தான் எடுத்தேன்.

எழுதிவிட்டேன். இனி நடந்ததை ஒழுங்காகச் சொல்லுகிறேன்.

ஆடி மாதம் நீ வந்து நின்றபோது, அந்த ஞாயிற்றுக்கிழமை உன் சிநேகிதன் அஷ்வின் வீட்டுக்கு வந்தான் அல்லவா. நீங்கள் இரண்டு பேரும் முன் அறையில் இருந்தீர்கள், நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவன் பிடிலை எடுத்து ஆட்டினான். கிலுகிலு என்று சத்தம் கேட்டது. என்ன என்று அவன் கேட்க, நீ கிலுகிலுப்பைப் பாம்பின் வால் என்றாய். மலையில் பிடில்காரர் எல்லாரும் போடுகிறவர்கள், ஈரம் பிடிக்காது, சிலந்தி எலி அண்டாது, நாதம் துலங்கும், இது ஹோபர்ட் ஐயாவின் தகப்பன் தன் கையால் அடித்த பாம்பு என்றெல்லாம் சொன்னாய். அவன் என்னைக் கூப்பிட்டு, "பாட்டி, உங்க பேத்தி பாம்பாட்டி ஆயிட்டா பாத்தீங்களா? இந்த வால நான் சுட்டுட்டுப் போகப் போறேன். ஆபீஸ்ல மேசைமேல வெச்சா மேனேஜர் கிட்டயே வரமாட்டாரு" என்றான். நீ, "தொட்டுப் பார், கையை முறிப்பன்" என்றாய். இரண்டு பேரும் சிரித்தீர்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. உன் சாதகத்தில் ஏழாம் இடத்தில் ராகு. நாகதோசம். நீ பிறந்த முப்பத்தோராம் நாள் சாத்திரியார் சொன்னது. அன்று தொடக்கம் ஊரில் என் தங்கச்சி ஒவ்வொரு வருசமும் உன் பேரைச் சொல்லி நாகதம்பிரானுக்குப் பால் வார்க்கிறாள். உனக்குச் சொன்னால் சிரிப்பாய் என்று அம்மா சொல்ல விடவில்லை. அப்படிப்பட்ட பிள்ளை, அடித்துக் கொன்ற பாம்பின் வாலைப் பிடிலுக்குள் வைத்து, அதைக் கழுத்துக்குக் கீழே, நெஞ்சோடு அணைத்து வாசிக்கிறாள். உனக்கு இருபத்தாறு வயதாகியும் ஒரு கலியாணமும் பொருந்தி வராமல் இருக்கிறது இதனால்தான் என்று என் புத்தி ஒரே பிடியாய்ப் பிடித்துக்கொண்டது. மலைச்சனத்தின் வழக்கம் அது என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. விழுந்தும் செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

திங்கட்கிழமை நீயும் அம்மாவும் ஸ்டோவ்னருக்குக் கடைக்குப் போனீர்கள். நான் கதவைச் சாத்திவிட்டு, பிடிலைக் கவிழ்த்துப் பிடித்து, கம்பளி பின்னுகிற ஊசியால் அந்த வளைந்த துவாரத்துக்குள்ளால் மெல்ல மெல்ல இழுத்தேன். அரை மணித்தியாலம் எடுத்தது. பிடிலில் ஒரு கீறல் விழவில்லை, பிள்ளை, அதுமட்டும் பார்த்துத்தான் செய்தேன். கையில் எடுத்தால் பாரமே இல்லை. காய்ந்த கோதுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகினது போல இருந்தது. மஞ்சள் தடவி, வெள்ளைத் துண்டில் சுற்றி, ஸ்டேசனுக்கு அங்கால் ஓடுகிற சின்ன ஆற்றில் பால் வார்த்து அதை விட்டேன். என்னைப் பொறுத்துக்கொள், என் பேத்தியை விட்டுவிடு என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். அன்று எனக்கு நிம்மதியாய் இருந்தது.

புதன்கிழமை நீ பிடிலை எடுத்தாய். உன் முகம் போன போக்கைக் கண்டேன். கட்டிலுக்குக் கீழே, பெட்டிக்குள், கம்பளத்தைக் கிளப்பி எல்லாம் தேடினாய். என்னிடம் வந்து, "அம்மம்மா, நீங்கள் கண்டனீங்களோ?" என்று கேட்டாய். அப்போது சொல்லியிருந்தால் நீ இரண்டு நாள் என்னோடு கதைத்திருக்க மாட்டாய், அவ்வளவுதான். நான் சொன்னது என்ன? "அந்த இந்தியாப் பெடியன்தானே கடைசியா வைச்சு ஆட்டிக்கொண்டு நிண்டவன்."

அது பொய்யில்லை என்று மூன்று மாதமாய் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் ஆட்டினது உண்மைதானே, எடுத்தான் என்று நான் சொல்லவில்லையே என்று. வெட்கக்கேடு.

இன்னும் ஒன்றையும் எழுதத்தான் வேண்டும். அதைச் சொல்லும்போது பயம் மட்டும் என் வாயில் இருக்கவில்லை. அவன் எங்கள் ஆள் இல்லை. எந்த ஊர், என்ன ஆட்கள் என்று விசாரிக்க எனக்கு ஒருவரையும் தெரியாது. நாங்கள் கதைக்கிறோம், அவன் பேசுகிறான். பக்கத்தில் இருந்து கேட்டால் படம் ஓடுவது போல இருக்கும். நீ அவனோடு சிரித்த சிரிப்பை நான் குசினியில் இருந்து கேட்டேன். வாலோடு இவனும் போகட்டும் என்று நினைத்தேன். நீ அவனுக்குப் போன் எடுத்துக் கத்தினபோது, அவன் முதலில் பகிடி என்று நினைத்துச் சிரித்தான் என்றும், பிறகு "நான் திருடுவேன்னு நீ நம்புறியா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டான் என்றும் சொல்லி நீ அம்மாவின் மடியில் கிடந்து அழுதாய். நான் பக்கத்தில் இருந்து உன் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். இந்தக் கையால்தான் தடவினேன்.

போன வியாழக்கிழமை ஸ்டோவ்னரில் பஸ்ஸால் இறங்கினேன். நிலம் கண்ணாடியாய் உறைந்து கிடந்தது. இரண்டு கையிலும் பை. ஒரு அடி வைக்கப் பயந்து கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்து ஒருவன் பையை வாங்கினான். பார்த்தால் அஷ்வின். "பாட்டி, கையப் பிடிச்சுக்கங்க" என்றான். வீடுவரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தான். லிப்ட் வேலை செய்யவில்லை. நாலு மாடியும் பையைத் தூக்கிக்கொண்டு, எனக்காக ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினான். உன்னைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "நல்லாப் பாடுறாளா?" ஓம் என்றேன். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கோ தம்பி என்றேன். பையை வாசலில் வைத்தான், கால் உள்ளே வைக்கவில்லை. "வேணாம் பாட்டி. அப்புறம் வீட்ல ஏதாவது காணாமப் போச்சுன்னா என்னத்தானே கேப்பீங்க" என்று சிரித்துக்கொண்டு சொன்னான்.

அவன் படியிறங்க, "தம்பி, நில்லுங்கோ" என்று கூப்பிட்டேன். நின்று திரும்பிப் பார்த்தான். எல்லாவற்றையும் சொல்லத்தான் கூப்பிட்டேன். வாயில் வந்தது, "சட்டையைப் பூட்டிக்கொண்டு போங்கோ, குளிர்" என்பது மட்டும்தான். சரிங்க பாட்டி என்று பூட்டிக்கொண்டு போனான்.

அடுத்த நாள் ஆற்றுக்குப் போய்த் தடியால் கிளறிப் பார்த்தேன். மூன்று மாதம் ஆகியும் அங்கேயா கிடக்கும், எனக்குத் தெரியாதா? ஆனாலும் போனேன். நாயோடு வந்த நோர்வேக்காரப் பெண் ஒருத்தி என்ன தேடுகிறாய் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த பாசையில் பாம்பு என்றேன். நாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். மரக்கறி வெட்டின கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் எண்டு எங்களை வெருட்டி வளத்தது நீங்கள்தானே அம்மா" என்றாள். பிறகு கத்தியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "நான் பிள்ளைக்குச் சொல்லமாட்டன். நீங்களே எழுதுங்கோ" என்றாள். அதுதான் எழுதுகிறேன். கவரில் உன் விலாசத்தையும் ஒரு எழுத்தும் விடாமல், படம் கீறுவது போலப் பார்த்து நானே எழுதுவேன். அஷ்வினுக்கு நாளைக்குப் போன் எடுத்துத் தரச்சொல்லி அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்முன்னம் அவன் என் வாயாலேயே கேட்டிருப்பான். அவன் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். பிடிலைத் திருப்பிக் கொடுக்காதே. நீ ஒன்றையும் கவனக்குறைவாக வைக்கவில்லை, ஒரு கள்ளனோடும் சிநேகிதமாய் இருக்கவில்லை. மலைக்கு ஏறிப் போய் அந்த ஐயாவிடம் சொல்லு, உங்கள் தகப்பன் போட்டு வைத்ததை நோர்வேயில் இருக்கிற என் அம்மம்மா எடுத்து ஆற்றில் விட்டுவிட்டா, பயத்தில் செய்தவ, பிறகு பொய்யும் சொன்னவ என்று சொல்லு. ஒரு சொல்லும் குறைக்காதே. அவர் திட்டினால் எழுதிவைத்து எனக்கு அனுப்பு. இங்கிலீசில் திட்டினால் எனக்கு விளங்காது, தமிழில் மாற்றி எழுது. மன்னிப்பாரோ தெரியாது. நீ மன்னிப்பாயோ, அதுவும் தெரியாது. அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் என் பொய்க்காக நீ வாசிப்பை விடக்கூடாது, அது மட்டும் வேண்டாம்.

எந்தத் தெய்வத்தின் கோபம் இருந்தாலும் அது என்னோடு தீரட்டும். நீ பாடு, நூறு வயதுவரைக்கும் பாடு. யார் செத்த பாட்டென்றாலும் பரவாயில்லை.

கடைசியாய் ஒன்று. மஞ்சள் சீலையோடு நீ நிற்கிற படத்தைச் சாதகத்தோடு சேர்த்து லண்டனுக்கும் கனடாவுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதிவிட்டேன். அது பழைய படம். புதிதாய் ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. அந்தப் பிடிலை நீ எப்படி நெஞ்சில் வைத்துப் பிடிப்பாயோ அப்படிப் பிடித்துக்கொண்டு நில். பக்கத்தில் யார் நின்றாலும் எனக்குச் சம்மதம்.

உன் வரவையும் பதிலையும் பார்த்திருக்கும்,
அம்மம்மா
சத்தியபாமா